கேமரா தானாகத் திரும்புகிறது, யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?

வாசல்விளக்கு:
வாசலைப் பார்த்து ஒரு வைஃபை கேமரா மாட்டியிருக்கிறோம், நாலு பக்கமும் திரும்பும் வகை, போனிலிருந்தே திருப்பலாம். கொஞ்ச நாளாக யாரும் தொடாமலேயே திரும்பிக்கொள்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் வாசலுக்குப் பதிலாகப் பக்கத்துச் சுவர் தெரிகிறது. வீட்டில் கேட்டால் யாரும் தொடவில்லை என்கிறார்கள். பாஸ்வேர்டு மாற்றியும் நிற்கவில்லை. பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் இது நடக்கிறது. யாரோ ஹேக் செய்து பார்க்கிறார்கள் என்று வீட்டில் ஒரே பயம், இப்போதைக்குத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். ரீசெட் செய்தால் போதுமா, இல்லை கேமராவையே தூக்கிப் போட வேண்டியதுதானா?

கேபிள்முடிச்சு:
ரீசெட் இப்போது வேண்டாம், செய்தால் இருக்கிற தடயமும் அழிந்துபோகலாம். முதலில் அது எப்படித் திரும்புகிறது என்று கவனியுங்கள், பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆளோ வண்டியோ போகிற பக்கமே திரும்பி, கடைசியில் பார்த்த இடத்தில் நின்றுவிட்டால் அது ஆட்டோ டிராக்கிங். மோஷன் டிராக்கிங், ஹியூமன் டிராக்கிங் என்று ஆப்புக்கு ஆப்பு பெயர் மாறும். இரவில் இதன் தொல்லை அதிகம், ஏனென்றால் கேமராவைச் சுற்றிப் பூச்சி பறக்கும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், லென்ஸுக்கு ரொம்பக் கிட்டே பறக்கிற கொசுகூட கேமராவின் இன்ஃப்ராரெட் (இருட்டில் பார்க்க அது விடும், நம் கண்ணுக்குத் தெரியாத) வெளிச்சத்தில் பெரிய வெள்ளை உருவமாகத் தெரியும். கேமரா அதைத் துரத்தும். மனிதர்களை மட்டும் தொடரும்படி வைக்க முடிந்தால் வையுங்கள், இல்லையென்றால் டிராக்கிங்கையே நிறுத்திவிடுங்கள்.

குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நின்று நின்று சுற்றினால் பேட்ரோல் அல்லது குரூஸ் ஆன் ஆகியிருக்கிறது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை முழுக்கத் திரும்பிவிட்டு நின்றால் கேமரா ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். மனிதர் கை இப்படி இருக்காது: கொஞ்சம் தாண்டிப்போகும், திரும்பி வரும், நிற்கும், ஜூம் செய்யும், அப்புறம் வேறு பக்கம் போகும். பார்த்தாலே தெரிந்துவிடும்.

பூட்டுச்சாவி:
மேலே சொன்னது சரிதான், ஆனால் பயத்தை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. நீங்கள் மாற்றியது எந்தப் பாஸ்வேர்டு? பல மாடல்களில் ஆப் கணக்குக்கு ஒன்று, கேமராவுக்கென்று தனியாக ஒன்று. முதலாவதை மாற்றினால் இரண்டாவது பழையபடியேதான் இருக்கும். 2016இல் மிராய் என்ற வைரஸ் பரவியதே இந்த ஓட்டை வழியாகத்தான், கம்பெனியில் வைத்த அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே கேமராக்களையும் டிவிஆர்களையும் (கேமரா வீடியோவைப் பதியும் பெட்டிகள்) பிடித்தார்கள். அந்தக் கேமராக்களை அவர்கள் வேடிக்கை பார்க்கப் பயன்படுத்தவில்லை, இணையத் தாக்குதலுக்குப் பயன்படுத்தினார்கள், அது வேறு கதை.

ஆப்பில் யார் யாருக்கு ஷேர் செய்திருக்கிறீர்கள், எந்தெந்தப் போனில் லாகின் இருக்கிறது என்று பாருங்கள். பழைய போனை யாருக்காவது கொடுத்திருந்தால் அதையும் யோசியுங்கள். இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் போடுங்கள், ரவுட்டரில் யுபிஎன்பியை (வெளியிலிருந்து உள்ளே வரத் தானாக வழி திறந்துவிடும் வசதி) அணைத்துவிடுங்கள். என்விஆரில் (நெட்வொர்க் வழியாகக் கேமராக்களைப் பதியும் பெட்டி) இணைத்திருந்தால் அதன் பேட்ரோல் செட்டிங்கும் கேமராவைத் திருப்பும், நிறையப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள்.

சந்தேகமே தீர வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. கேமராவில் மெமரி கார்டு போட்டு, ரவுட்டருக்கு வரும் இணைய ஒயரை மட்டும் ஓர் இரவு கழற்றி வையுங்கள். ரவுட்டரும் கேமராவும் ஓடட்டும். போன்களின் வைஃபையையும் நிறுத்திவிடுங்கள். அப்போதும் திரும்பினால் வெளியிலிருந்து யாரும் திருப்பவில்லை.

வாசல்விளக்கு:
செய்து பார்த்தேன். நெட் இல்லாமலும் திரும்பியது, அந்த மட்டில் நிம்மதி. டிராக்கிங், பேட்ரோல் இரண்டுமே ஆஃப். கார்டில் பார்த்தால் இரவுக் காட்சி வந்த கொஞ்ச நேரத்தில் வீடியோ அறுந்துபோகிறது, மறுபடி தொடங்கும்போது ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விட்டுச் சுவரைப் பார்த்து நிற்கிறது. ஒரே இரவில் இப்படிப் பல தடவை. யுஎஸ்பி அடாப்டர் கேமராவோடு வந்ததுதான், ஒயர் எட்டாததால் நீளமான ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறோம்.

கேபிள்முடிச்சு:
அந்த நீள ஒயர்தான். இருட்டினால் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும், கேமரா இழுக்கும் கரண்ட் கூடும். மெல்லிய நீள ஒயரில் கரண்ட் கூடக்கூட வோல்டேஜ் இறங்கும். 12 வோல்ட் கேமராவில் அரை வோல்ட் குறைந்தால் நூற்றுக்கு நாலுதான், சமாளித்துக்கொள்ளும். உங்களுடையது 5 வோல்ட், அதே அரை வோல்ட் அதற்கு நூற்றுக்குப் பத்து. தாங்காமல் அணைந்து மறுபடி எழுகிறது.

எழுந்ததும் ஏன் சுற்றுகிறது என்றால், இந்த விலை குறைந்த கேமராக்களின் மோட்டாருக்குத் தான் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பது தெரியாது, இத்தனை படி நகர்ந்தோம் என்ற கணக்கு மட்டும்தான் அதனிடம் இருக்கும். கரண்ட் போனால் கணக்கும் போச்சு. அதனால் கோடிவரை போய் முட்டி, அங்கிருந்து புதிதாக எண்ணத் தொடங்கும். அந்த ஓட்டத்திலேயே மறுபடி வோல்டேஜ் இறங்கினால் பாதியில் நின்றுவிடும். உங்கள் சுவர்க் காட்சி அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

கேமராவோடு வந்த குட்டை ஒயரைப் போட்டு, எட்டும் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் வைத்து இரவில் பாருங்கள். அடாப்டர் மேல் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும், கேமரா கேட்பதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. ஒயர் இழப்பை ஈடுகட்டுகிறேன் என்று 12 வோல்ட் அடாப்டரை மட்டும் மாட்டிவிடாதீர்கள், போர்டு எரிந்துவிடும்.

திருகாணி:
துணியை எடுத்துவிடுங்கள். திரும்பும்போது சிக்கி கியர் தேயும், அந்த விளக்குச் சூடும் வெளியே போகாது. ஆப்பில் பிரைவசி மோட் இருந்தால் அதைப் போடுங்கள், அதுவும் வேண்டாமென்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கையால் பிடித்துத் திருப்புவதும் கூடாது.

வாசல்விளக்கு:
குட்டை ஒயரில் ராத்திரி முழுக்க ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை. ஆனால் வாசல் மேலே மாட்ட இந்த ஒயர் எட்டாதே, என்ன செய்வது?

கேபிள்முடிச்சு:
5 வோல்ட் ஒயரை நீட்டாமல் மெயின் லைனை நீட்டுங்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, மழை படாத பெட்டியோடு ஒரு பிளக் பாயிண்டைக் கேமரா பக்கத்திலேயே போட்டு, அடாப்டரை அதற்குள் வைத்துவிடுங்கள். அது முடியாதென்றால் நெட்வொர்க் கேபிளில் பிஓஇ (அந்தக் கேபிளிலேயே கரண்டையும் அனுப்பும் முறை) கொண்டுபோய், கேமரா முனையில் அந்தக் கரண்டைப் பிரித்து 5 வோல்ட்டாகத் தரும் ஸ்ப்ளிட்டர் மாட்டலாம், 100 மீட்டர் வரை போகும். மாட்டியதும் வாசலைப் பார்க்கும்படி திருப்பி, அந்த நிலையைப் பிரிசெட்டாக ஆப்பில் சேமியுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் அங்கேயே திரும்பும்படி வைக்கும் வசதி உங்கள் ஆப்பில் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், ஏனென்றால் கரண்ட் கட் ஆகி வரும்போதெல்லாம் இந்தச் சுற்று எப்படியும் நடக்கும்.