வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம்: ஹைவேயில் ஏறினால் நேரம் மிச்சமா?

வெள்ளவத்தைக்காரன்:
வெள்ளிக்கிழமை பின்னேரம் 14 சீற் வானில் வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேணும். ஒருவர் கட்டுநாயக்க ஹைவேயால் ஏறி புத்தளத்தால் போகச் சொல்கிறார். இன்னொருவர் மீரிகம – குருநாகல் ஹைவேதான் நல்லம் என்கிறார். காசு குடுத்து ஏறுகிற அளவுக்கு நேரம் மிஞ்சுமா?

ஏ9வாசி:
மிஞ்சும், ஆனால் வரைபடத்தில் தெரிகிற அளவுக்கு இல்லை. மத்திய அதிவேகப் பாதையில் 2022 ஜனவரியில் திறந்தது மீரிகமவிலிருந்து குருநாகல் பக்கம் போகிற 40 கிலோமீற்றர் சொச்சம் மட்டும்தான். கடவத்தை – மீரிகம துண்டு இன்னும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆளைக் கொல்லுகிறதும் அதே இடைவெளிதான்: யக்கல, நிட்டம்புவ.

கடவத்தை வரைக்கும் கண்டி வீதியால் போகாதேங்கோ, கிரிபத்கொடவில் மாட்டுப்படுவியள். கிருலப்பனையில் பேஸ்லைன் வீதி ஏறி, ஒருகொடவத்தை, புதிய களனிப் பாலம், பேலியகொடையில் கட்டுநாயக்க ஹைவே. கெரவலப்பிட்டியில் கொழும்பு வெளிச்சுற்று ஹைவேக்கு மாறினால் சுமார் 9 கிலோமீற்றரில் கடவத்தை. 2019 நவம்பரில் இந்த இணைப்பு திறந்த பிறகும் பலர் பழைய பாதையையே பிடிக்கினம், ஏனெண்டு விளங்கவில்லை.

கடவத்தையில் இறங்கி ஏ1 (அதே கண்டி வீதிதான்), பஸ்யால சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் மீரிகம. அங்கே ஏறி யக்கபிட்டியவில் இறங்கினால் குருநாகல் நகரத்தைத் தொடாமல் தம்புள்ளை வீதி. பிறகு தம்புள்ளையில் ஏ9 (கண்டி – யாழ்ப்பாணம் வீதி) பிடிச்சு கெக்கிராவ, மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா. அனுராதபுரத்துக்குள்ளே போகத் தேவையே இல்லை. அந்த 40 கிலோமீற்றரில் மட்டும் அரை மணித்தியாலம் மிஞ்சும்.

வெள்ளவத்தைக்காரன்:
அப்ப புத்தளப் பாதை வேண்டாமா?

கரையோரப்பாதை:
நேரத்தைப் பொறுத்தது. கட்டுநாயக்க ஹைவேயின் 25.8 கிலோமீற்றரும் இருபது நிமிஷத்துக்குள்ளே முடிஞ்சுபோகும், ஆனால் இறங்கினதும் கொச்சிக்கடை, வென்னப்புவ, மாரவில என்று ஊர் ஊராக பஸ்ஸுக்குப் பின்னால் ஊர வேணும். சிலாபம் தாண்டினால்தான் கால் நீட்டலாம். புத்தளத்திலிருந்து நொச்சியாகம வழியாக அனுராதபுரம், பிறகு ரம்பேவவில் ஏ9.

சிக்கல் இரவில்தான். கருவலகஸ்வெவ பக்கம் யானை பாதைக்கு வரும். லைற் வெளிச்சத்தில் சாம்பல் உடம்பு தார் ரோட்டோடு கலந்து, கிட்ட வந்த பிறகுதான் தெரியும். மாலை ஆறுக்குப் பிறகு கொழும்பை விட்டால் குருநாகல் பக்கமே எடுங்கோ. மதியத்துக்கு முந்தி என்றால் புத்தளமும் குறைவில்லை. இன்னொன்று: ஃபோன் வில்பத்து வனப்பூங்காவுக்குள்ளால் எலுவன்குளம் – மன்னார் குறுக்குவழி காட்டும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ரயர்கடை:
பாதையை விட ரயரைப் பாருங்கோ. ஊருக்குள்ளே 40இல் ஓடுகிற ரயர், ஆள் நிறைஞ்ச வானோடு 100இல் ஓடேக்கை வெடிக்கிறது காற்று குறைஞ்சதாலேதான்: பக்கச்சுவர் மடிஞ்சு மடிஞ்சு சூடேறி உள் நூல் விட்டுப்போகும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற தாளில் முழுச்சுமைக்கு எவ்வளவு என்று இருக்கும், அந்த அளவுக்கு குளிர்ந்த ரயரில் அடியுங்கோ. ஓடி வந்து பெற்றோல் செட்டில் அடிச்சால் அளவு கூடக் காட்டும், நீங்களும் போதும் என்று விட்டிடுவியள்.

ரயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டு 35ஆவது கிழமை செய்தது. பூ (ரோட்டில் படுகிற வரி) நல்லா இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டினதை ஹைவேயில் ஏற்ற வேண்டாம். சின்ன வெடிப்புகள் பள்ளங்களுக்குள்ளேதான் தொடங்கும், விரலால் விரிச்சுப் பார்த்தால் தெரியும். மாற்று ரயருக்கும் காற்றுப் பாருங்கோ, அதை ஒருத்தரும் பார்க்கிறதில்லை.

ஏ9வாசி:
ரயர்கடை சொன்னது சரி. அதோடு டீசலை பேஸ்லைன் வீதியிலேயே அடியுங்கோ, நீங்கள் போகிற ஹைவே துண்டுகளை நம்ப வேண்டாம். ஏறுமிடத்தில் தருகிற ரிக்கற்றைச் சட்டைப் பையில் வையுங்கோ, டாஷ்போர்டில் வைச்சால் கண்ணாடி இடுக்குக்குள்ளே வழுகி விழும். எங்கே ஏறினீங்கள் என்று கணக்குப் பார்க்கிறது அதை வைச்சுத்தான். இறங்குமிடத்தைத் தவறவிட்டால் பின்னால் எடுக்காமல் அடுத்ததில் இறங்கித் திரும்புங்கோ. சில்லறைக் காசும் கையில் இருக்கட்டும்.