இன்ஜினை இறக்கினால் கையோடு முடிக்கும் வேலை: சொல் தேவை

த.இ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1989 முதல் 1998 வரை வந்த டாட்ஜ் ராம் பிக்கப், 12 வால்வு 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல். இதன் பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் எழுதிவருகிறேன். ஒரு தலைப்பில் மாட்டிக்கொண்டேன். வேறு காரணத்துக்காக இன்ஜினை இறக்கியாயிற்று. திரும்ப ஏற்றுவதற்குள் செய்துவிட வேண்டிய கூடுதல் வேலைகளுக்கு ஒரு சொல் வேண்டும். 'உடனிகழ் மேம்பாடு' என்று போட்டிருக்கிறேன். எனக்கே நிறைவில்லை.

ரா.சே. எழுதியது:

உடனிகழ் என்றால் ஒரே நேரத்தில் நடப்பது, அவ்வளவுதான். இங்கே நேரம் முக்கியமில்லை, கை எட்டுவதுதான் முக்கியம். ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையம்) விலை கொஞ்சம். அதைத் தொடுவதற்குக் கழற்றிப் பூட்டும் கூலிதான் மலை. பட்டறையில் இதற்கு ஏற்கெனவே பேச்சு இருக்கிறது: 'கையோட கையா மாத்திருங்க.' அதையே 'கையோடுபணி' என்று கட்டிவிடலாமே? ஜாம்ஷெட்பூர் டாடா கம்மின்ஸ் ஆலையில் செய்த இதே 5.9 குடும்பத்து இன்ஜின் நம்மூர் டாடா லாரிகளில் ஓடுகிறது. லாரிப் பட்டறைக்காரர் படித்தால் விளக்கமே கேட்க மாட்டார்.

கு. எழுதியது:

ரா.சே. ஐயா, சொல் அழகு. ஆனால் வாய் அகலம். இந்தப் பெயரை வைத்தால் வால்வு ஸ்பிரிங், கவர்னர் ஸ்பிரிங், நாசில் என்று எல்லாமே உள்ளே வந்துவிடும். அவற்றை இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே மேலிருந்து மாற்றலாம். இறக்கிய சாக்கில் அவற்றையும் செய்து பில்லை ஏற்றுவதுதான் நடக்கிறது. த.இ. எந்த வேலைகளைக் குறிக்கிறார் என்று முதலில் பிரித்துக்கொள்வோம்.

பின் ஆயில் சீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங்: இவற்றுக்கு கியர்பாக்ஸை மட்டும் இறக்கினால் போதும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) துளையின் பின்பக்கத்தை அடைக்கும் பிளக்கும் இதே இடத்தில், பிளைவீல் ஹவுசிங்குக்குப் பின்னால் இருக்கிறது. அது கசிந்தாலும் எண்ணெய் வந்து சேரும் இடம் ஒன்றுதான் என்பதால் பாவம், சீலைத்தான் திட்டுவார்கள். சீலை மாற்றிவிட்டு பிளக்கைப் பார்க்காமல் பூட்டினால் அடுத்த மாதமே மறுபடி கியர்பாக்ஸ் கீழே.

இன்ஜின் வெளியே வந்தால்தான் ஒழுங்காக முடிகிறவை வேறு. ஹெட்டின் பின்முகத்தில் தண்ணீர்ப் பாதையை அடைக்கும் பிளக், வண்டியில் இருக்கும்போது கேபினின் முன்சுவரை ஒட்டி நிற்கும். சுத்தியல் வீசவே இடமில்லை. ஆயில் பேன் (இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) காஸ்கெட்டும் அப்படித்தான், இன்ஜினைத் தூக்காமல் பேன் எளிதில் வெளியே வராது. கேமின் அசைவைப் புஷ்ராடுக்குக் கடத்தும் டேப்பட் இன்னும் சிக்கல். இந்த இன்ஜினில் டேப்பட்டின் அடிப்பக்கம் காளான் போல விரிந்தது. கீழிருந்துதான் ஏறும், கீழேதான் இறங்கும். வண்டியில் வைத்தே கேம் மாற்ற வேண்டுமானால் புஷ்ராடை எடுத்துவிட்டு, மேலிருந்து ஒவ்வொரு டேப்பட்டுக்குள்ளும் மரக்குச்சியை இறுக்கித் தட்டி, தூக்கிப் பிடித்து, ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்த வேண்டும். 12 குச்சியில் ஒன்று நழுவினால் டேப்பட் பேனுக்குள் போய்விடும். வெளியே ஸ்டாண்டில் மாட்டித் தலைகீழாகத் திருப்பினால் டேப்பட்டுகள் தாமாகவே கேமை விட்டு விலகி உட்காரும்; கேம் உருவிக்கொண்டு வரும். புதுக் கேமுக்குப் பழைய டேப்பட் போடவே கூடாது. டேப்பட்டின் தேய்ந்த முகம் புதுக் கேமின் மேட்டைத் தின்றுவிடும்.

ஆகவே எனக்கு இரண்டு சொல் வேண்டும்.

ரா.சே. எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். இறக்கினால்தான் ஒழுங்காக முடிவது 'இறக்குபணி'. இறக்காமலும் முடியும், ஆனால் இறக்கியிருந்தால் உழைப்பு பாதியாகும் என்பது 'கையோடுபணி'. இரண்டிலும் சேராததை வழக்கமான பராமரிப்பு அத்தியாயத்துக்கே அனுப்பிவிடலாம்.

த.இ. எழுதியது:

அப்படியானால் டோவல் பின் எங்கே வரும்? முன்பக்கம் டைமிங் கவரைக் கழற்றினாலே தெரிகிறதே. அதற்கு 'இருத்துமுளை' என்று எழுதியிருக்கிறேன்.

கு. எழுதியது:

கையோடுபணி. ரேடியேட்டர், ஃபேன், கிராங்க் டேம்பர் எல்லாம் கழற்றினால் வண்டியிலேயே எட்டும். இன்ஜின் வெளியே இருந்தால் டேம்பரும் கவரும் மட்டும்தான். இருத்துமுளை நல்ல சொல், கியர் ஹவுசிங்கை பிளாக்கில் சரியான இடத்தில் இருத்துவதுதானே அதன் வேலை. இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். அதிர்வில் முளை மெல்ல வெளியே நகர்ந்து டைமிங் கியர்களுக்கு நடுவே விழுந்தால் அலுமினிய ஹவுசிங் உடையும். பஞ்ச் வைத்து முளையை உள்ளே தட்டி, பக்கத்து போல்ட்டின் கீழ் ஒரு தகட்டை வைத்து, துளைவாயை அந்தத் தகடு மறைக்கும்படி முறுக்க வேண்டும். போல்ட்டை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து நீல மரைப்பசை போடவும். அந்த ஹவுசிங்கின் மற்ற போல்ட்டுகளும் தளர்கிறவைதான், எல்லாவற்றையும் அப்படியே செய்யவும்.

சீல் பற்றிக் கையேட்டில் தடித்த எழுத்தில் ஒன்று போடுங்கள். நம்மவர் கை, சீல் உதட்டில் எண்ணெய் தடவித்தான் பழகியது. இந்த இன்ஜினின் பின் சீல் டெஃப்லான் உதடு கொண்டது. உலர்வாகத்தான் ஏற வேண்டும். கிராங்கும் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். உதட்டிலிருந்து டெஃப்லான் மெல்லிய படலமாகக் கிராங்கில் ஒட்டினால்தான் அடைப்பு பிடிக்கும். எண்ணெய் நடுவில் நின்றால் படலம் உருவாகாது, புது சீலே ஒழுகும். கிராங்கில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் தேய்மான வளையத்தோடு வரும் சீல் வாங்கவும். பிளைவீல் 8 போல்ட், 137 நியூட்டன் மீட்டர்.

த.இ. எழுதியது:

நன்றி ஐயா. 'இறக்குபணி', 'கையோடுபணி', 'இருத்துமுளை' மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ஹெட்டுக்குப் பின்னால் போகும் ரப்பர் டீசல் குழாய்கள்? வெடித்தால் காற்று உறிஞ்சி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கின்றனவே.

கு. எழுதியது:

கையோடுபணிதான். சப்ளை, ரிட்டர்ன் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதும் அதே வயதுதான். கியர்பாக்ஸ் என்வி4500 ஆக இருந்தால், அதுவும் கீழேதானே கிடக்கிறது, பின் கூட்டைக் கழற்றி ஐந்தாம் கியர் நட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லவும்.