மறு: கூடைப்பந்து 'டிரேட் வேல்யூ': 'பேர மதிப்பு' சரிப்படுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதை 'டிரேட்' என்கிறார்கள். அதில் ஒரு வீரருக்கு இருக்கும் மதிப்பான 'டிரேட் வேல்யூ'வுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இழையில் வந்த மடல்களை எல்லாம் சேர்த்துப் படித்துவிட்டு எழுதுகிறேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'சந்தை மதிப்பு' என்று எழுதினால் போதாதா? எல்லாருக்கும் புரியுமே. இதற்கு எதற்குப் புதுச்சொல்?

போதாது ஐயா. சந்தை மதிப்பு என்றால், ஒரு வீரர் இன்றைக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் நின்றால் அணிகள் அவருக்கு எவ்வளவு கொடுக்கும் என்ற கணக்கு. என்பிஏ டிரேடில் வீரர் ஏற்கெனவே ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறார். அவரை எடுக்கிற அணி மிச்சமிருக்கும் ஆண்டுகள், அந்தச் சம்பளம், உள்ளே இருக்கும் நிபந்தனைகள் எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்கிறது. தவணை பாக்கியோடு வண்டி வாங்குகிற மாதிரி. வண்டி நன்றாக இருக்கிறதா என்பதோடு, இன்னும் எத்தனை தவணை கட்ட வேண்டும் என்றும் கேட்டுத்தானே விலை பேசுவோம்?

ஸ்டெஃபன் கரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 அக்டோபரில், கணுக்கால் காயங்களால் அவர் எத்தனை நாள் ஆடுவாரோ என்ற சந்தேகம் இருந்த சமயத்தில், கோல்டன் ஸ்டேட் அணியோடு 4 ஆண்டுக்கு 4.4 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். பிறகு 2015, 2016 இரண்டு ஆண்டும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கே. சந்தையில் நின்றிருந்தால் விதிப்படி கொடுக்கக்கூடிய அதிகபட்சச் சம்பளத்தைக் கொடுக்க எல்லா அணியும் வரிசையில் நின்றிருக்கும். ஆனால் 2016-17இல் அவர் வாங்கியது சுமார் 1.21 கோடி டாலர்தான். 2016 கோடையில் கெவின் டுராண்டை அந்த அணியால் ஒப்பந்தம் செய்ய முடிந்ததற்கு இந்தக் குறைந்த சம்பளமும் ஒரு முக்கியக் காரணம். 'சந்தை மதிப்பு' என்ற சொல்லில் இந்தக் கதைக்கு இடமே இல்லை.

> ஐபிஎல்லில் 'வீரர் பரிமாற்றம்' என்கிறோம். அப்படியே 'பரிமாற்ற மதிப்பு' என்று வைத்துவிடலாமே?

டிரேடுக்கு 'வீரர் பரிமாற்றம்' நல்ல சொல். அதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்தும். ஆனால் ஐபிஎல் பழக்கத்தோடு என்பிஏ பக்கம் வரும் தமிழ் வாசகர் தடுமாறும் இடமும் இதுதான். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கும் ஜடேஜா ராஜஸ்தானுக்கும் போனார்கள். ஜடேஜாவின் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடி ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஆள் மாறும்போது தொகையும் மாறலாம் என்பது நமக்குப் பழகிப்போனது. என்பிஏவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வீரரே சம்மதித்தாலும், இருக்கும் ஒப்பந்தத்தின் சம்பளத்தை டிரேடுக்காகக் குறைத்து எழுத முடியாது. அதனால்தான் அங்கே ஒப்பந்தமே ஆளின் மதிப்பில் ஒரு பகுதியாகிவிடுகிறது.

'பரிமாற்ற மதிப்பு' என்பதில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. மார்க்சியப் பொருளியலைத் தமிழில் எழுதுபவர்கள் 'பயன் மதிப்பு', 'பரிமாற்ற மதிப்பு' என்ற ஜோடியைப் பல ஆண்டுகளாகப் புழங்கி வருகிறார்கள். அதில் நாம் புதிதாகப் போய்க் குடியேறினால் குழப்பம்தான்.

இதே காரணத்தால் 'உபரி மதிப்பு' என்று வந்த யோசனையையும் ஏற்கத் தயங்குகிறேன். ஆனால் அது கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம். அதைச் சொன்ன நண்பர், வீரர் ஆட்டத்தால் தரும் பயனிலிருந்து அவருக்குப் போகும் சம்பளத்தைக் கழித்தால் மிஞ்சுவதையே அணிகள் பேரம் பேசுகின்றன என்று எழுதியிருந்தார். கணக்கு சரியாக இருக்கிறது. தொழிலாளி உண்டாக்கும் மதிப்பிலிருந்து கூலியைக் கழித்து, மிஞ்சியதை முதலாளி எடுத்துக்கொள்வதைத்தான் 'உபரி மதிப்பு' என்று இடதுசாரிகள் சொல்கிறார்கள். கரியின் விஷயத்தில் இரண்டு பொருளும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்திவிடுகின்றன! வேடிக்கைதான். ஆனாலும் கலைச்சொல்லுக்கு இது ஆகாது. கோடிக்கணக்கில் வாங்கும் ஆட்டக்காரரைச் சுரண்டப்படும் தொழிலாளி என்கிறோமா என்று ஒரு பக்கம் சண்டை வரும். மோஸ்கோவ் போன்றவர்களிடம் யார் யாரைச் சுரண்டினார்கள் என்று மறுபக்கம் கேள்வி வரும்.

மோஸ்கோவ் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்து சேர்ந்ததால், ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பான சம்பள உச்சவரம்பு 2015-16இல் இருந்த 7 கோடி டாலரிலிருந்து அடுத்த பருவத்தில் 9.4 கோடிக்கு ஒரே தாவாகத் தாவியது. (நில உச்சவரம்புச் சட்டத்தைப் பார்த்த நாட்டில் 'உச்சவரம்பு' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. அதை அப்படியே எடுத்துக்கொள்வோம்.) எல்லா அணியின் கையிலும் பணம். நல்ல வீரர்களோ எப்போதும் போல எண்ணி எடுக்கக்கூடிய அளவு. அந்தக் கோடையில் லேக்கர்ஸ் அணி டிமோஃபே மோஸ்கோவுக்கு 4 ஆண்டுக்கு 6.4 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. ஒரே ஆண்டில் அந்த ஒப்பந்தத்தை எப்படித் தலைமுழுகுவது என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். 2017 ஜூனில் அவரைப் புரூக்ளினுக்குத் தள்ளிவிட, 2015இல் புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில் இரண்டாவது ஆளாகத் தேர்வு செய்த டி'ஆஞ்சலோ ரசலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. பதிலுக்கு ப்ரூக் லோபஸும் ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையும் (அந்த ஆண்டுத் தேர்வின் முதல் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமை) வந்தன. லோபஸின் ஒப்பந்தத்தில் பாக்கி இருந்தது ஒரே ஆண்டு. ரசல் 2019இல் புரூக்ளின் சார்பில் லீகின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கே போனார்.

ஒரு வீரரைக் கொடுப்பதற்கே கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், நாம் வைக்கும் சொல் பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'சந்தை மதிப்பு' அப்படி இறங்காது. யாரும் ஒருவரை வேலைக்கு வைத்துவிட்டு அவரிடமிருந்தே சம்பளம் வாங்குவதில்லை.

இனி வடிவம் பற்றி.

'கைமாற்று மதிப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கைமாற்று என்றால் நம் ஊரில் அவசரத்துக்கு வாங்கும் வட்டியில்லாக் கடன். 'ஆள்மாற்று மதிப்பு' என்பதைப் படித்ததும் எனக்குத் தேர்வு அறையில் நடக்கும் ஆள்மாறாட்டம்தான் நினைவுக்கு வந்தது. 'மாற்று மதிப்பு' இன்னும் சிக்கல். மாற்று வீரர் என்றால் களத்தில் இன்னொருவருக்குப் பதிலாக இறங்குபவர் என்று எல்லா விளையாட்டுச் செய்தியிலும் நிலைத்துவிட்டது. கூடைப்பந்துப் புள்ளிவிவரத்தில் 'மாற்று வீரரைவிட இவர் எவ்வளவு மேல்' என்று வேறு ஓர் அளவையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுத நேர்ந்தால் எழுதுபவருக்கே தலை சுற்றும்.

என் யோசனை 'பேர மதிப்பு'. அணிகள் தொலைபேசியில் உட்கார்ந்து செய்வது பேரம். அந்தப் பேரத்தில் ஒருவரின் மதிப்பு என்ன என்பதே கேள்வி. 'அவருடைய பேர மதிப்பு சரிந்துவிட்டது', 'பேர மதிப்பே இல்லாத ஒப்பந்தம்' என்று வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள், உறுத்தவில்லை. சட்டமன்ற உறுப்பினர்களை வைத்து நடக்கும் குதிரை பேரத்தின் வாடை வருகிறது என்று ஒருவர் சொல்லக்கூடும். வரட்டுமே. என்பிஏவில் நடப்பதும் அதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

இதன் கீழே இரண்டு துணைச்சொற்கள் வேண்டும். ஆட்டத்தின் மதிப்பு சம்பளத்தைவிடக் கூடினால் 'ஒப்பந்த மிச்சம்'. சம்பளம் கூடினால் 'ஒப்பந்தச் சுமை'. மிச்சம் என்பது வீட்டில் புழங்கும் சொல், உபரியைவிட எளிது, யாருடைய கோட்பாட்டிலும் மாட்டிக்கொள்ளாது.

> சம்பளம் கூடினால் சுமை, குறைந்தால் மிச்சம். அவ்வளவுதானே? இதற்கு ஏன் இத்தனை மடல்?

அவ்வளவு எளிதாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். முதல் சிக்கல், உச்ச வீரர்கள். ஒரு தனி வீரருக்குக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. அனுபவ ஆண்டுகளைப் பொறுத்து உச்சவரம்பில் 25, 30, 35 சதவீதம். லீகின் உச்ச வீரர்களில் ஒருவரான நிகோலா யோகிச்சுக்கு இந்த வரம்பே இல்லாவிட்டால் எவ்வளவு கொடுப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதிகபட்சச் சம்பளம் வாங்கும்போதும் அவரிடம் ஒப்பந்த மிச்சம் இருக்கிறது. லீகிலேயே பெரிய சுமை எதுவென்றால், அதே அதிகபட்சத்தை வாங்கும், ஆனால் அந்தத் தரத்தில் இல்லாத வீரரின் ஒப்பந்தம்தான். ஆக, சம்பளத் தொகையை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. 2022இல் மின்னசோட்டா, 5 ஆண்டுக்கு 20.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருந்த ரூடி கோபேருக்காக நான்கு முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும் வீரர்கள் சிலரையும் கொடுத்தது. 2024இல் நியூயார்க், ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் ஆகாத மிக்கல் பிரிட்ஜஸுக்காக ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளைக் கொடுத்தது. பிரிட்ஜஸின் ஒப்பந்தம் 4 ஆண்டுக்கு 9 கோடி. ஆட்டத்தில் யார் பெரியவர் என்று கேட்டால் பலர் கோபேரையே சொல்வார்கள். பேரத்தில் பிரிட்ஜஸை மேலே தூக்கியதில் அந்த ஒப்பந்தத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது சிக்கல், சுமை நிலையானதல்ல. கிறிஸ் பாலின் 4 ஆண்டு, 16 கோடி டாலர் ஒப்பந்தம் 2019இல் நகர்த்தவே முடியாதது என்று பேசப்பட்டது. அப்போது அவருக்கு வயது 34. ஹூஸ்டன் அவரைக் கொடுத்து வெஸ்ட்புரூக்கை வாங்கியபோது, ஓக்லஹோமா சிட்டிக்கு முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும் கூடவே அனுப்பியது. அடுத்த பருவத்திலேயே பால் ஆல்-ஸ்டார் ஆனார். 2020 நவம்பரில் அவரைப் பெற ஃபீனிக்ஸ் ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையைக் கொடுத்தது. 2021இல் அந்த அணி இறுதிச் சுற்றுக்கே போனது. அதே ஒப்பந்தம், ஒரு வயது கூடிய அதே ஆள். முதலில் கூட்டிக்கொண்டு போகக் காசு, பிறகு விட்டுக்கொடுக்கக் காசு. எனவே 'சுமை ஒப்பந்தம்' என்று ஒப்பந்தத்துக்கே முத்திரை குத்துவதைவிட, 'அந்தச் சமயத்தில் அது ஒப்பந்தச் சுமையாக இருந்தது' என்று எழுதப் பழகுவது நல்லது.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: ஒப்பந்தத்தைத் தொடாமல், ஆட்டமும் மாறாமல், விதி மாறியதாலேயே பேர மதிப்பு மாறுவது. உச்சவரம்பைத் தாண்டிய அணி டிரேடில் ஆள் எடுக்கும்போது, வரும் சம்பளத்துக்கு ஈடாகச் சம்பளம் வெளியே போக வேண்டும். இதற்கு 'சம்பள ஈடு' என்று வைத்திருக்கிறேன். ஈடு கொடுப்பது, ஈடு கட்டுவது எல்லாம் நம்மிடம் புழக்கத்தில் இருப்பவை, வினையாகவும் கைகொடுக்கும். இந்த விதியால், பெஞ்சில் உட்கார்ந்தே இருக்கும் ஓர் ஆளுக்கும் பேர மதிப்பு வந்துவிடுகிறது. அவர் சம்பளம் ஈட்டுக்கு உதவும், இந்தப் பருவத்தோடு முடிந்தும் போகும் என்றால் மற்ற அணி அவரைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும்.

லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2023இல் வந்த புதிய தொழிலாளர் ஒப்பந்தம் இதை இன்னும் இறுக்கியது. ஓர் அணியின் சம்பளச் செலவு, உச்சவரம்புக்கும் மேலே இருக்கும் 'இரண்டாம் ஏப்ரன்' என்ற கோட்டைத் தாண்டிவிட்டால், இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரருக்கு ஈடு கட்ட முடியாது. அனுப்புவதைவிட ஒரு டாலர்கூட அதிகமாக எடுக்க முடியாது. 2025-26இல் அந்தக் கோடு சுமார் 20.78 கோடி டாலர். 2024இல் கோப்பை வென்ற பாஸ்டன், அடுத்த கோடையிலேயே ஜூரூ ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் அனுப்பிவிட்டது இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கத்தான். ஓர் ஆண்டுக்கு முன் கோப்பை தூக்கிய கைகள் அவை, ஆனால் கிடைத்த பதிலில் ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமைகூட இல்லை.

ஏப்ரனுக்கு (சமைக்கும்போது உடைமேல் கட்டும் துணி) 'முந்தானை' என்று வேடிக்கையாக எழுதியவருக்கு ஒரு கும்பிடு. எனக்கு 'தடைக்கோடு' போதும் என்று படுகிறது. முதல் தடைக்கோடு, இரண்டாம் தடைக்கோடு. துணியின் உருவகம் அந்த லீக் வழக்கறிஞர்களுக்கு ஏன் தோன்றியதோ, அதை நாம் சுமக்க வேண்டியதில்லை.

கடைசியாக, எனக்கு விடை கிடைக்காத ஒன்று. பிராட்லி பியலின் 2022 ஒப்பந்தத்தில் (5 ஆண்டு, 25.1 கோடி டாலர்) அவர் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்யக்கூடாது என்ற பிரிவு இருந்தது. அப்போது லீகில் அந்த உரிமை இருந்த ஒரே வீரர் அவர். 2023இல் வாஷிங்டன் அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்தபோது கிடைத்தது கிறிஸ் பால், லாண்ட்ரி ஷாமெட், சில இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமைகள், தேர்வு வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமைகள், அவ்வளவே. எங்கே போவது என்பதை வீரரே தீர்மானித்தால் பேரத்தில் எதிரில் உட்கார ஆள் குறைந்துவிடும் இல்லையா? அந்த உரிமை டிரேடோடு சேர்ந்து ஃபீனிக்ஸுக்கும் போனது. 2025இல் அவர்கள் டிரேடில் யாரிடமும் தள்ளிவிட முடியாமல், ஒப்பந்தத்தைத் தீர்த்துப் பியலை விடுவித்தார்கள்.

இந்தப் பிரிவுக்கு 'மறுப்புரிமை' என்று எழுதிப் பார்த்தேன். ஐ.நா. செய்திகளில் வீட்டோவுக்கு அதையே சிலர் எழுதுகிறார்கள் என்பதால் முழு மனசு வரவில்லை. 'இசைவு நிபந்தனை' மென்மையாக இருக்கிறது, ஆனால் உரிமை யார் கையில் என்று அதில் தெரியவில்லை. சட்டத் துறையில் இருக்கும் நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்: ஒப்பந்தங்களில் இப்படி ஒருவரின் சம்மதத்துக்குக் கட்டுப்பட்ட பிரிவை நம் நீதிமன்றத் தமிழில் என்ன என்று எழுதுகிறார்கள்?