குறுகிய பயணங்களில் ஹைப்ரிட் காரின் மைலேஜ் ஏன் இவ்வளவு குறைகிறது?

நிதானன் (கேள்வி)

வணக்கம். பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட் கார் ஒன்றை வாங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் வகை அன்று. அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 27 கி.மீ. வாரநாள்களில் அலுவலகத்துக்குப் போக 6 கி.மீ., திரும்பி வர 6 கி.மீ.; இந்தப் பயணங்களில் திரை காட்டுவது 16 மட்டுமே. மாதத்துக்கு ஒருமுறை நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 250 கி.மீ. செல்லும்போது 24 வருகிறது. ஹைப்ரிட் கார் ஊருக்குள்தான் பெட்ரோலை மிச்சப்படுத்தும், நெடுஞ்சாலையில் அவ்வளவாக உதவாது என்று வாங்கும்போது எல்லோரும் சொன்னார்கள். என் கார் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. இருவகை ஓட்டமும் மாதத்தில் ஏறக்குறைய சமதூரம் என்பதால் சராசரி 20 வர வேண்டும்; ஆனால் டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தால் 19-க்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. இது குளிர்காலம், காலையில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே போவதால் ஹீட்டர் இல்லாமல் ஓட்ட முடிவதில்லை. பேட்டரி கெட்டுவிட்டதா? சோதனைக்குக் கொடுக்க முன்பதிவும் செய்திருக்கிறேன்.

பற்சக்கரம்

பேட்டரியின் மேல் பழி போடுவதற்கு முன், காலைப் பயணத்தையும் மாலைப் பயணத்தையும் தனித்தனியே குறித்துப் பாருங்கள். பேட்டரியில் கோளாறு இருந்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். குளிர்தான் காரணம் என்றால் காலை மட்டும் தெளிவாகக் குறைந்திருக்கும்.

வெப்பவியல் வாசகர்

உங்களிடம் சொல்லப்பட்டது தவறன்று, ஆனால் பாதிதான். சாதாரண பெட்ரோல் கார் எரிபொருளை வீணாக்கும் இடங்களில் மட்டுமே ஹைப்ரிட் காரால் மிச்சப்படுத்த முடியும். நின்றுகொண்டு எஞ்சின் ஓடுவது, பிரேக் போடும்போது வேகமெல்லாம் வெப்பமாகிப் போவது, குறைந்த சுமையில் எஞ்சின் திறனின்றி உழைப்பது ஆகிய மூன்றும்தான் அந்த இடங்கள். 1,400 கிலோ எடையுள்ள கார் 50 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 135 கிலோஜூல்; அதை எஞ்சின் மூலம் உண்டாக்க 12, 13 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகும். சாதாரண காரில் ஒவ்வொரு சிக்னலிலும் அது முழுவதும் பிரேக்கில் சூடாகக் கரைந்துபோகிறது. ஹைப்ரிட் காரில் ஒரு பகுதி மோட்டார் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. ஊருக்குள் கிடைக்கும் ஆதாயத்தின் அடிப்படை இதுவே.

ஆனால் இந்த ஆதாயம் எஞ்சின் சூடேறிய பிறகுதான் முழுமையாகக் கைக்கு வரும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும், புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்யும் வெப்பநிலையை எட்ட வேண்டும், எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட் சூடாக வேண்டும், கெட்டியாக இருக்கும் ஆயிலும் இளக வேண்டும். அதோடு ஹீட்டரையும் போட்டால், காருக்குள் வரும் வெப்பம் பெரும்பாலான ஹைப்ரிட்களில் எஞ்சினிலிருந்தே எடுக்கப்படுவதால், காரை நகர்த்தத் தேவையில்லாதபோதும் வெப்பத்துக்காகவே எஞ்சின் ஓடும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டிருப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். உங்கள் 6 கி.மீ. பயணத்தின் பெரும்பகுதி இந்தச் சூடேறும் கட்டத்திலேயே முடிந்துவிடுகிறது.

அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டியில் இதற்கு எண்ணே உண்டு: நகருக்குள் குறுகிய பயணங்களில், 25 டிகிரியோடு ஒப்பிட்டால் மைனஸ் 7 டிகிரியில் சாதாரண பெட்ரோல் காரின் மைலேஜ் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைகிறது, ஹைப்ரிட் கார்களில் அந்த இழப்பு 30 முதல் 34 விழுக்காடு வரை போகலாம். உங்கள் குளிர் அவ்வளவு கடுமையானதன்று என்றாலும் திசை அதுவே.

அறிவிக்கப்பட்ட 27-ஐயும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தகைய எண்கள் ஆய்வகச் சோதனையில் அளக்கப்படுபவை; எடுத்துக்காட்டாக, 2017 முதல் ஐரோப்பாவில் பழைய என்.இ.டி.சி. சோதனை முறைக்குப் பதிலாக வந்த டபிள்யூ.எல்.டி.பி. சோதனையில் கார் 30 நிமிடங்களில் ஏறத்தாழ 23 கி.மீ. ஓடுகிறது, எஞ்சின் ஒரேயொரு முறைதான் சூடேற வேண்டியிருக்கிறது. அதே தூரத்துக்கு நீங்கள் நான்கு முறை குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை

மேலே உள்ளவர் காருக்கு விடை சொல்லிவிட்டார். நான் கணக்குக்குச் சொல்கிறேன். லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்ற எண்களை அப்படியே கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. 250 கி.மீ.யை 16 என்ற விகிதத்தில் ஓட்ட 15.6 லிட்டர், 24 என்ற விகிதத்தில் ஓட்ட 10.4 லிட்டர், ஆக 26 லிட்டரில் 500 கி.மீ.; சராசரி 19.2. மிச்சமுள்ள சிறு வேறுபாடு திரையால் வந்திருக்கலாம். பல கார்களில் திரை சில விழுக்காடு கூட்டியே காட்டும். ஒரே ஒரு டேங்கை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள், ஏனெனில் பம்ப் எந்த இடத்தில் தானாக நிற்கிறது என்பதே ஒரு லிட்டர் வரை மாறக்கூடும். நான்கைந்து முறை நிரப்பி, மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பதே நம்பத்தக்க வழி.

நெடுவழி

நெடுஞ்சாலையைப் பற்றி யாரும் பேசவில்லை. 24 கிடைக்கிறது என்றால் நீங்கள் 100-ஐத் தாண்டாமல் ஓட்டுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 120-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு விசை 44 விழுக்காடு கூடுகிறது. அங்கே பிரேக்கும் இல்லை, மீட்பதற்கு எதுவும் இல்லை. டயர் காற்றையும் பாருங்கள்: வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் அழுத்தம் 2 பிஎஸ்ஐ வரை குறைகிறது. மைலேஜில் அதன் பங்கு சிறியதுதான், ஆனால் செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது.

ஒரு வேண்டுகோள்: மிச்சம் பிடிக்கும் என்று நம்பி எப்போதும் கியரை ‘பி’ (B; நிறுத்துவதற்கான P அன்று) நிலையில் வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது நீண்ட மலையிறக்கத்தில் எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கானது. பேட்டரிக்குப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி எஞ்சினைச் சுழற்றுவதிலேயே செலவாகிவிடும்.

நிதானன்

அனைவருக்கும் நன்றி. பற்சக்கரம் சொன்னபடி இரண்டு வாரம் குறித்துப் பார்த்தேன்: காலையில் 14, மாலையில் 19. டயர்கள் நான்கிலும் காற்று 4 பிஎஸ்ஐ குறைவாக இருந்தது. கடைக்குப் போகும் வேலைகளைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளாமல், அலுவலகத்திலிருந்து வரும் வழியிலேயே முடித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன். பேட்டரிச் சோதனைக்கான முன்பதிவை ரத்து செய்துவிட்டேன்.

பற்சக்கரம்

ரத்து செய்தது சரிதான். ஆயினும் பின்னிருக்கையின் கீழே பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத்துளை உங்கள் காரில் இருந்தால், அதன் வடிகட்டியில் தூசு அடைத்திருக்கிறதா என்று கோடை தொடங்குவதற்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.