கார்ட்லெஸ் தொலைபேசியில் இரைச்சலும் விட்டுவிட்டுக் கேட்கும் குரலும்

கேள்வி:
வணக்கம். எங்கள் வீடு கான்கிரீட் தளம் போட்ட மாடி வீடு. கீழ்க்கூடத்தில், வைஃபை ரூட்டருக்குப் பக்கத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸ் கார்ட்லெஸ் தொலைபேசியின் பேஸ் யூனிட் இருக்கிறது. ரிசீவரோடு மாடிக்குச் சென்றால் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது சமையலறையில் பேசவே முடிவதில்லை. போதாக்குறைக்கு, இதே தொலைபேசிக் கம்பியில் பிராட்பேண்ட் வந்ததிலிருந்து, பேஸ் யூனிட் அருகில் நின்றாலும் ‘உஸ்’ என்ற இரைச்சல் ஓயாமல் வருகிறது. வேறு தொலைபேசிதான் வாங்க வேண்டுமா?

மறுமொழி 1:
அவசரப்பட வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. எங்கே நின்றாலும் மாறாமல் கேட்கும் ‘உஸ்’ ஓசை பெரும்பாலும் அலையால் வருவதன்று, கம்பியில் வருவது. கார்ட்லெஸ்ஸைக் கழற்றிவிட்டு, அதே இணைப்பில் சாதாரணக் கம்பித் தொலைபேசியை மாட்டிக் கேளுங்கள். இரைச்சல் அப்போதும் இருந்து, மோடத்தைக் கழற்றியதும் நின்றுவிட்டால், பேச்சையும் பிராட்பேண்டையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர் என்ற வடிகட்டி பழுதாகியிருக்கலாம் அல்லது மாட்டப்படாமலே இருக்கலாம். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயும் ஏடிஎஸ்எல் எனப்படும் கம்பிவழி பிராட்பேண்ட் சமிக்ஞை அதற்கு வெகு மேலேயும் ஒரே கம்பியில் ஓடுவதால், வீட்டிலுள்ள ஒவ்வொரு தொலைபேசிக்கும் வடிகட்டி வேண்டும். மாடியில் மறந்துபோன எக்ஸ்டென்ஷன் ஒன்றிருந்தால் அதற்கும்தான். மோடம் இல்லாமலும் இரைந்தால், வெளியே கம்பி இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கக்கூடும். புகார் கொடுப்பதே வழி.

மறுமொழி 2:
மற்றது அலைக் குறுக்கீடு. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது; உங்கள் வைஃபையும் அதே அலைவரிசையில் இருந்தால், தொலைபேசியோடு சேர்த்து மூன்றும் ஒரே சந்தையில் கூவுகின்றன. பேஸ் யூனிட்டை ரூட்டரிலிருந்து சில அடியாவது தள்ளி, இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி ஆகியவற்றின் மறைவில் இல்லாமல், மாடிப்படிக்கு அருகில் உயரமாக வையுங்கள். கம்பி வைத்த கான்கிரீட் தளத்தை ஊடுருவுவதைவிடப் படிக்கட்டுத் திறப்பின் வழியாக அலை எளிதில் மேலே செல்லும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் வைஃபையை அதற்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது. ரிசீவரின் நிக்கல் பேட்டரி பழையதென்றால் மாற்றுங்கள், ஆனால் மறுமின்னேற்றம் செய்ய முடியாத சாதாரண பேட்டரியை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒருவேளை மாற்ற நேர்ந்தால், அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் டெக்ட் 6.0 என்ற அமெரிக்க வகைக் கார்ட்லெஸ் தொலைபேசி வாங்கிவரச் சொல்லலாமா?

மறுமொழி 2:
வேண்டவே வேண்டாம். டெக்ட் வகை வைஃபையோடு மோதாது என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்கத் தொலைபேசி 1920–1930 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இந்தியாவில் அது, கைபேசிகள் கோபுரத்தோடு பேசுவதற்கென ஒதுக்கிய 1920–1980 மெகாஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. அக்கம்பக்கத்துக் கைபேசிச் சேவையை அது கெடுக்கும். இங்கேயே கிடைக்கும் 1880–1900 மெகாஹெர்ட்ஸ் டெக்ட் தொலைபேசியை வாங்குங்கள். நெரிசலற்ற அலைவரிசையை அதுவே தேடிக்கொள்ளும். எதை வாங்கினாலும் ஸ்பிளிட்டரையோ கம்பியையோ சரிசெய்யாமல் அந்த ‘உஸ்’ போகாது.