கப்பலுக்கு இனிஷியல் மட்டும் மாற்றியிருக்கிறார்கள், உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?

பிரஷ்காரன், கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் வணக்கம். ரயில் நிலையம்கூட இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றிக் கேட்கிறானே என்று சிரிக்க வேண்டாம். கார்டீலியா கம்பெனி குத்தகைக்கு எடுத்த இரண்டு கப்பல்களின் புதுப் பேர் பற்றித்தான் கேள்வி, கேட்கக் காரணம் இருக்கிறது.

இருபத்தெட்டு வருடமாக வண்டிகளுக்குப் பேர் எழுதுகிறேன். கிரானைட் லாரி, மாங்காய் ஏற்றும் வண்டி, டிராக்டர், பள்ளி வேன் என்று எது வந்தாலும் எழுதுவேன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு கடை போர்டு வேலை போய்விட்டது. லாரிக்காரர்கள் மட்டும் இன்னும் பிரஷ்ஷை நம்புகிறார்கள்.

2023இல், மகள் வேலைக்குப் போன முதல் வருடம், எங்கள் இருவரையும் சென்னையிலிருந்து எம்ப்ரஸ் என்ற சுற்றுலாக் கப்பலில் கூட்டிப் போனாள். இரண்டு இரவுப் பயணம். வேறு எந்த ஊரிலும் நிற்காமல் கடலுக்குள் போய்விட்டுத் திரும்பவும் சென்னைக்கே வந்து சேரும். "இதுக்கு எதுக்கு அவ்வளவு காசு, கே.ஆர்.பி. டேம் பக்கம் போய் ரெண்டு மீன் வறுவல் சாப்பிட்டு வந்தா ஆகாதா?" என்றாள் என் மனைவி. கப்பலில் ஏறிய பிறகு அவளைக் கீழே இறக்கத்தான் கஷ்டமாகிவிட்டது, அது வேறு கதை.

துறைமுகத்தில் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கப்பலின் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேர் ஆங்கிலத்தில் ஏழே எழுத்து. லாரி முன்கண்ணாடிக்கு மேலே எழுதும்போது ஒரு சாண் உயரம் வைப்பேன். இங்கே கீழே நின்று பார்த்தால் எழுத்தின் உயரமே கண்ணுக்குப் பிடிபடவில்லை. சாரம் கட்டி எழுதினார்களா, கயிற்றில் தொங்கினார்களா, நூல் பிடித்துக் கோடு போட்டார்களா என்று யோசித்தே ஒரு மணி நேரம் போய்விட்டது.

பிறகு மகள் அந்தக் கப்பலின் ஜாதகத்தை எடுத்துக் காட்டினாள். 1990இல் பிரான்சில் செயின்ட் நசேர் என்ற ஊரில் கட்டியது. அப்போது பேர் நார்டிக் எம்ப்ரஸ். 2004இல் எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ். 2008இல் ஸ்பெயின் கம்பெனி கைக்குப் போய் வெறும் எம்ப்ரஸ். 2016இல் மறுபடி எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ். நம் நாட்டுக் கார்டீலியா கம்பெனி வாங்கியதும் திரும்பவும் எம்ப்ரஸ். இத்தனை கை மாறியும் யாரும் அந்த மகாராணியை மட்டும் அழிக்கவில்லை!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதே கம்பெனி அமெரிக்காவிலிருந்து நார்வீஜியன் ஸ்கை, நார்வீஜியன் சன் என்ற இரண்டு கப்பல்களை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. ஸ்கை 2026க்கு, சன் 2027க்கு. இங்கே அவற்றின் பேர் கார்டீலியா ஸ்கை, கார்டீலியா சன் என்று அறிவித்திருக்கிறார்கள். பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர்க் கணக்கில் இது இனிஷியல் மாற்றம். தத்துக் கொடுத்த பிள்ளைக்குப் பேரை விட்டுவிட்டுத் தகப்பன் எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

பழைய லாரி வாங்கிக்கொண்டு வருபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். முந்தைய முதலாளி மகன் பேரை உப்புத்தாள் போட்டு முதலில் அழிக்கச் சொல்வார்கள். சாமி பேரில் கை வைக்க மாட்டார்கள். அந்த வகையில் ஸ்கையை விட்டுவைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கடலில் போகிறதற்கு வானம், சூரியன் என்று பேர் வைத்தால் தண்ணீருக்குக் கோபம் வராதா?

தோற்றம் பற்றியும் சொல்லுங்கள். இப்போது வருகிற பெரிய கப்பல்கள் படத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி இருக்கின்றன. எனக்குக் கப்பல் என்றால் முன்பக்கம் கிளிமூக்கு மாங்காய் மாதிரி கொஞ்சம் வளைந்து நீண்டிருக்க வேண்டும்.

இன்னொரு சந்தேகம். கிளம்பும்போது மேல்தளத்திலிருந்து பார்த்தேன், பக்கத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பலின் பின்பக்கம் இப்போதைய பேருக்கு அடியில் வேறொரு பேர் மங்கலாகத் தெரிந்தது. அதே நிறப் பெயிண்ட்தான், ஆனால் எழுத்து மேடாக இருந்தது. மூன்று கோட் அடித்தாலும் மறையாதா?

ஓசூர் செகண்ட் ஷிஃப்ட்

அண்ணா, கம்பெனி வேலையாக ஜெர்மனி போனபோது ஹாம்பர்க் துறைமுகத்தில் ஐடா என்ற கம்பெனிக் கப்பலைப் பார்த்தேன். மூக்கில் சிவப்பு உதடு வரைந்திருக்கிறார்கள்! அதிலிருந்து இரண்டு பக்கமும் பின்னால் ஓடும் நீளக் கண். வெள்ளைக் கப்பல் முழுக்க ஒரு பெண்ணின் முகம். ஃபெலிக்ஸ் பியூட்னர் என்ற ஓவியர் 1996இல் வந்த முதல் கப்பலுக்கு வரைந்து கொடுத்ததாம், அதையே பிறகு வந்தவற்றுக்கும் போட்டுவிட்டார்கள். நம் லாரி பம்பரில் திருஷ்டிப் பொம்மை, அங்கே உதடு.

பேரைப் படிக்காமலேயே யார் வீட்டுக் கப்பல் என்று தெரிந்துவிடுகிறது பாருங்கள். கார்னிவல் கம்பெனிக்குப் புகைபோக்கி திமிங்கல வால் மாதிரி இருக்கும், அதுவும் அப்படித்தான். ஸ்கைக்கு என்ன அடையாளம் வைக்கப் போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. பேரெல்லாம் இரண்டாம் பட்சம்.

பாலக்கோடு கேலி குக்

அண்ணா, உங்கள் சந்தேகத்துக்கு நான் பதில் சொல்கிறேன். பதினோரு வருடமாகக் கப்பல் சமையலறையில் வேலை. கப்பலில் சமையலறைக்குக் கேலி என்று பேர். ஊரில் "கேலியில இருக்கேன்" என்றால் எங்கள் மாமா இன்னும் முறைக்கிறார்.

நீங்கள் பார்த்தது பெயிண்ட் இல்லை, வெல்டிங். கப்பல் பேரை முதலில் தகட்டின் மேலேயே வெல்டிங்கால் அவுட்லைன் போட்டுவிடுவது வழக்கம். அந்தக் கோட்டுக்குள்தான் பெயிண்டர் நிறம் அடிப்பார். உப்புக் காற்றில் பெயிண்ட் உரிந்தாலும் அடுத்தவர் அதே எழுத்தில் பூசிவிடலாம். பேர் மாற்றும்போது பழைய வெல்டிங்கைத் தேய்த்து எடுக்க வேண்டும். சிலர் சோம்பல்பட்டு அதன் மேலேயே நிறம் பூசிவிடுவார்கள், வெயில் சாய்வாக விழுந்தால் பழைய பேர் எழுந்து நிற்கும்.

பேர் எத்தனை முறை மாறினாலும் மாறாத ஒன்று ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண். ஏழு இலக்கம், நம் லாரியின் சேஸிஸ் நம்பர் மாதிரி. கப்பல் கட்டும்போது கொடுத்தால் உடைக்கும்வரை அதேதான். 2004இலிருந்து அதைக் கப்பலின் வெளியே தெரிகிற இடத்தில் நிரந்தரமாகப் பொறித்தாக வேண்டும். எழுத்து 20 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. அடுத்த முறை போனால் பேரை விட்டுவிட்டு அதைத் தேடிப் பாருங்கள்.

ஸ்கைக்கும் நீங்கள் சொன்ன மகாராணிக்குக் குறையாத கதை உண்டு. முதலில் கோஸ்டா ஒலிம்பியா என்ற பேரில் ஜெர்மனியில் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டிய கம்பெனி திவாலானது. பாதியில் நின்ற கூட்டை நார்வீஜியன் கம்பெனிக்காரர்கள் வாங்கி வேறு இடத்தில் முடித்து 1999இல் ஓடவிட்டார்கள். 2004இல் ஹவாய்க்கு அனுப்பிப் பிரைட் ஆஃப் அலோஹா என்று பேர் வைத்தார்கள், 2008இல் திரும்ப ஸ்கை. ஆக, இது தத்துக் கொடுக்கப்பட்டது முதல் முறை இல்லை. கூட்டைக் கட்டும்போதே கைமாறிய பிள்ளை.

இந்தக் கப்பலில் நான் வேலை செய்ததில்லை. பேர் மாறிய வேறொரு கப்பலில் இருந்திருக்கிறேன். வெளியே இருக்கிற எழுத்து சின்ன வேலை அண்ணா. உயிர்காக்கும் வளையம் ஒவ்வொன்றிலும் கப்பல் பேரும் பதிவான துறைமுகப் பேரும் இருக்க வேண்டும், படகுகளிலும் அப்படியே. அது சர்வதேச விதி. வளையத்தில் பெரிய ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும் என்றும் போட்டிருக்கிறது. தமிழில் பேர் வைத்தாலும் அங்கே ஆங்கில எழுத்துதான். அப்புறம் துண்டு, தட்டு, மெனு அட்டை, தளத்துக்குத் தளம் மாட்டியிருக்கும் தீயணைப்பு வரைபடம். எல்லாம் மாற்றி எட்டு மாதம் கழித்து, ஒரு டிராயரின் மூலையில் பழைய பேர் போட்ட டீஸ்பூன் ஒன்று கிடைத்தது. எங்கள் தலைமைச் சமையல்காரர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், அவர் பழைய பேர் காலத்து ஆள்.

பேர் விஷயத்தில் எனக்கு ஒரே கருத்து, அது குட்டையாக இருக்க வேண்டும். ஆபத்தில் ரேடியோவில் கப்பல் பேரை மூன்று முறை சொல்ல வேண்டும். எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ் என்று மூன்று முறை சொல்லிப் பாருங்கள். கார்டீலியா ஸ்கை பரவாயில்லை.

பிரஷ்காரன், கிருஷ்ணகிரி

தம்பி, இரண்டு வருடமாக மண்டையைக் குடைந்தது தீர்ந்தது! வெல்டிங் அவுட்லைன். நான் சாக்பீஸில் போடுவதை அவன் இரும்பில் போடுகிறான்.

வளையத்து எழுத்தையும் பார்த்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. வட்டத்தில் எழுதுவது கை பழகாமல் வராது. நேர்கோட்டில் எழுதுகிற அகலத்தையே வைத்தால் மேல்பக்கம் எழுத்து விரிந்து கீழ்பக்கம் நெருங்கிவிடும். ஸ்டெப்னி கவரில் எழுதி எழுதித்தான் எனக்கே வந்தது. கப்பலில் இருந்தவை அச்சு போட்டதுதான், இடைவெளி மாறாமல் இருந்தது. ஒன்றில் மட்டும் கடைசி எழுத்து அரை விரல் இறங்கியிருந்தது. அதை என் மனைவியிடம் காட்டினேன். "கடலைப் பார்க்க வந்தியா, எழுத்தைப் பார்க்க வந்தியா?" என்று திட்டு வாங்கினேன்.

பென்னாகரம் கரையோரம்

நாங்கள் ஒகேனக்கல் பக்கம். எங்கள் பரிசலுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. மூக்கு எங்கே என்று கேட்டால் ஓட்டுகிறவர் துடுப்பு போடும் பக்கத்தைக் காட்டுவார். மூங்கில் பிளாச்சில் பின்னி, முந்தி தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாள், தார். கப்பல்காரர்கள் வடிவம் மாற்றி மாற்றிச் சண்டை போடுகிறார்கள், நாங்கள் வட்டத்தோடு நிறுத்திக்கொண்டோம். தண்ணீர் வரத்து கூடினால் எங்களுக்குத் தடை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓய்வு பெற்ற டீச்சர், தருமபுரி

தம்பிகளா, நானும் ஒரு பயணி என்ற முறையில் சொல்கிறேன். சிங்கப்பூரில் மகன் இருக்கிறான். அங்கிருந்து மூன்று இரவு போனேன். கப்பல் வெளியே அழகாக இருக்கிறதா என்று நீங்கள் பேசுகிறீர்கள். கரையில் நிற்பவர்களுக்குத்தான் அது தெரியும். உள்ளே போன பிறகு எனக்குத் தெரிந்தது நீளமான நடையும் ஒரே மாதிரிக் கதவுகளும்தான். முதல் நாள் இரவு சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பும்போது எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் இருபது நிமிடம் சுற்றினேன். முட்டி வலி வேறு. மறுநாள் ஒரு பணிப்பெண் சொன்னாள், தரைவிரிப்பில் இருக்கும் மீன்களைப் பாருங்கள், அவை எல்லாம் கப்பலின் முன்பக்கம் பார்த்து நீந்துகின்றன என்று. அதன் பிறகு மீன் காட்டிய வழியில் போனேன். இந்த மாதிரி யோசித்தவனுக்குத்தான் வடிவமைப்பாளன் என்று பேர்.

மகன் இப்போது டிஸ்னியின் கப்பலைப் பற்றிச் சொல்கிறான். அதுவும் வேறு கம்பெனிக்காகக் குளோபல் ட்ரீம் என்று கட்டி, அந்தக் கம்பெனி நொடித்துப் பாதியில் நின்றதை 2022இல் டிஸ்னி வாங்கியது. டிஸ்னி அட்வென்ச்சர் என்று பேர். இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். தம்பி சொன்ன இனிஷியல் கணக்குப்படி இதில் பேர், இனிஷியல் இரண்டுமே மாறிவிட்டன. எனக்கு அந்த அளவு பெரியது வேண்டாம். ஐகான் ஆஃப் தி சீஸ் படம் பார்த்தேன், இருபது தளம், 7,600 பயணிகள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் காலை இட்லிக்கு நின்றால் என்ன ஆகும்? ஸ்கை ஏறத்தாழ 2,000 பேர் போகிற கப்பல் என்கிறார்கள். அது போதும்.

கார்டீலியா என்ற பேர் வாயில் நுழைகிறதா என்று யாரும் கேட்கவில்லையே. என் தங்கை அதைக் "கார்டு ஏலக்கா" என்கிறாள். திருத்திப் பார்த்தேன், முடியவில்லை.

மாங்கூழ் லோடு

பேரை மக்களிடம் கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? 2016இல் பிரிட்டனில் துருவ ஆராய்ச்சிக் கப்பலுக்குப் பேர் சொல்லுங்கள் என்று இணையத்தில் ஓட்டெடுத்தார்கள். ஜெயித்தது "போட்டி மெக்போட்ஃபேஸ்" (Boaty McBoatface) என்ற கிண்டல் பேர். அதிகாரிகள் அரண்டுபோய்க் கப்பலுக்கு சர் டேவிட் அட்டன்பரோ என்று வைத்துவிட்டு, ஜெயித்த பேரை அதன் குட்டி நீர்மூழ்கிக்குக் கொடுத்தார்கள். போட்டி என்றதும் எனக்கு ஆட்டுக்குடல் குழம்புதான் ஞாபகம் வந்தது, மன்னிக்கவும்.

பிரஷ்காரன் அண்ணா, இதற்கும் கப்பலுக்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். குட்டி யானை ஒன்று வாங்கியிருக்கிறேன். பேர் எழுத எவ்வளவு ஆகும்? டிஎன் 29 வண்டி, இரண்டாவது கை.

பிரஷ்காரன், கிருஷ்ணகிரி

வண்டியைக் கொண்டுவாருங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன். ஏற்கெனவே என்ன பேர் இருக்கிறது? சாமி பேரா, ஆள் பேரா?

மாங்கூழ் லோடு

முன்னால் "முனியப்பன் துணை". பின்னால் யாரோ ஒரு "பாப்பா".

பிரஷ்காரன், கிருஷ்ணகிரி

முனியப்பனைத் தொட வேண்டாம். பாப்பாவுக்கு உப்புத்தாள் நூறு ரூபாய் தனி.