பெரிய வீட்டில் 12இல் ஒரு பங்கு: வருமானத்தைவிட அதிகமாகக் கட்டச் சொல்கிறது அமெரிக்கக் கல்லூரி. உதவி தேவை

இரும்புக்கடை_காரைக்குடி

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு அமெரிக்காவில் பி.எஸ். படிக்க இரண்டு இடத்தில் அனுமதி வந்திருக்கிறது. ஒன்று சிறிய தனியார் கல்லூரி, இன்னொன்று மாநிலப் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். கணக்குதான் புரியவில்லை.

தனியார் கல்லூரியில் வருடச் செலவு 88,000 டாலர் என்று போட்டிருக்கிறார்கள். அதில் கல்லூரி தரும் உதவி 52,000. வளாக வேலை 3,000. மீதி 33,000 குடும்பம் கட்ட வேண்டுமாம். பல்கலைக்கழகத்தில் மொத்தம் 62,000. மதிப்பெண்ணுக்காக 25,000 தள்ளுபடி, வேறு ஒன்றும் இல்லை.

கடையில் வருடம் 14 லட்சம் நிற்கும். வீட்டம்மாவுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் 3 லட்சம். இரண்டையும் சேர்த்தாலே 20,000 டாலர்தான் வருகிறது. எங்களிடம் எப்படி 33,000 கேட்கிறார்கள்? இதை எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள்? திரும்பக் கேட்டால் அனுமதியே போய்விடுமா? மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும்.

நியூஜெர்சி_நகரத்தான்

வாழ்த்துகள் அண்ணே. ஃபாஃப்ஸா, அதாவது அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவிக்கான படிவம் போட்டீர்களா? என் பிள்ளைகள் இருவருக்கும் அதில்தான் வந்தது. குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்ற அந்தக் கணக்கை முன்பு இஎஃப்சி என்றார்கள், 2024-25 கல்வியாண்டிலிருந்து எஸ்ஏஐ என்று மாற்றிவிட்டார்கள். வருமானம் குறைவாக இருந்தால், திருப்பித் தர வேண்டாத அரசு உதவியான பெல் கிராண்ட் மட்டுமே 7,395 டாலர் வரை கிடைக்கும். குடியிருக்கும் வீட்டை அதில் கணக்கில் எடுப்பதில்லை.

கானாடுகாத்தான்_திண்ணை

நியூஜெர்சி அண்ணன் சொன்னது சரி, ஆனால் அவர் பிள்ளைகளுக்குச் சரி. ஃபாஃப்ஸா அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகும் பெண்ணுக்கு பெல் கிராண்டும் கிடையாது, அரசுக் கடனும் கிடையாது. கிடைப்பதெல்லாம் அந்தக் கல்லூரியின் சொந்தப் பணம். அதனால் கணக்கும் அவர்கள் கணக்குதான்.

நான் இங்கே அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். (உங்கள் மகளுக்கு வந்த கல்லூரி இல்லை.) இரண்டு விஷயம் சொல்லுங்கள். அவர்கள் கேட்டது, குடும்ப வருமானத்தையும் சொத்தையும் எழுதிக் கொடுக்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் படிவமா? அதில் சொத்து என்று என்ன எழுதினீர்கள்? வருமானத்தைவிட அதிகமாகக் கேட்கிறார்கள் என்றால் காரணம் பெரும்பாலும் சொத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

இரும்புக்கடை_காரைக்குடி

ஆமாம் தம்பி, சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்தான். மதுரையில் ஒரு ஆலோசனை நிலையத்தில் பூர்த்தி செய்து கொடுத்தார்கள். இப்போது நகலை எடுத்துப் பார்த்தேன். கடைச் சரக்கு, வங்கி இருப்பு, புதுவயல் பக்கம் என் பெயரில் இருக்கும் மனை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஊரில் இருக்கும் பூர்வீகப் பெரிய வீட்டை 5 கோடி என்று போட்டிருக்கிறார்கள். விசாவுக்குக் காட்ட வேண்டும் என்று பொறியாளரை வைத்து ஒரு மதிப்பீடு வாங்கினார்கள், அதே தொகையை இங்கேயும் எழுதிவிட்டார்கள் போல.

அந்த வீட்டில் நாங்கள் 12 பங்காளிகள். எனக்கு 12இல் ஒரு பங்கு. வீட்டுவரி ரசீது இன்னும் பாட்டனார் பெயரில்தான் வருகிறது.

கானாடுகாத்தான்_திண்ணை

அண்ணே, பிடிபட்டுவிட்டது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அடிப்படைக் கணக்கு இதுதான்: படிக்க ஆகும் மொத்தச் செலவில் குடும்பத்தால் கட்ட முடியும் என்று அவர்கள் நினைக்கும் தொகையைக் கழித்தால் வருவது ‘தேவை’. அந்தத் தேவையை எதைக் கொண்டு, எவ்வளவு நிரப்புவது என்பதுதான் உங்களுக்கு வந்த கடிதம். கல்லூரி தரும் உதவியைத் திருப்பித் தர வேண்டாம். வளாக வேலையைச் சம்பாதித்தால்தான் உண்டு. கடன் என்று இருந்தால் அது உதவியே இல்லை, உங்கள் பணம்தான். கடிதத்தில் மூன்றையும் ஒரே பத்தியில் கூட்டிப் போடும் கல்லூரிகள் உண்டு. அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்து மயங்காதீர்கள்.

‘குடும்பத்தால் கட்ட முடிந்தது’ என்பது இரண்டு வழியில் வருகிறது. வருமானத்தில் வரி, அடிப்படைக் குடும்பச் செலவு எல்லாம் கழித்து மிச்சத்தில் ஒரு பகுதி. உங்கள் வருமானத்துக்கு அது சின்னத் தொகைதான். அடுத்தது சொத்து. பெற்றோர் சொத்தில் வருடத்துக்கு 5 சதவீதம் வரை படிப்புக்கு எடுக்கலாம் என்பது இந்த முறையின் எண்ணம். ஃபாஃப்ஸா விட்டுவிடும் குடியிருப்பு வீட்டைக்கூட சிஎஸ்எஸ் கேட்கும்.

இப்போது போட்டுப் பாருங்கள். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 5 கோடி என்பது 5,88,000 டாலர். அதில் 5 சதவீதம் 29,400. உங்களிடம் கேட்கும் 33,000இல் பெரும்பகுதி படிவத்தின் அந்த ஒரு வரியிலிருந்து வந்திருக்கிறது. உங்கள் பங்கை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 42 லட்சம், அதாவது 49,000 டாலர். அதில் 5 சதவீதம் 2,450தான்.

விசாவுக்கு ‘வசதி இருக்கிறது’ என்று காட்டச் சேர்க்கும் காகிதத்தை உதவித்தொகைப் படிவத்திலும் அப்படியே ஏற்றிவிடுவது ஆலோசனை நிலையங்களில் அடிக்கடி நடக்கிறது. விசாவுக்கும் அந்த வீட்டு மதிப்பீடு பெரிதாக உதவாது. முதல் வருடப் பணம் கையிலோ வங்கியிலோ கடன் அனுமதியாகவோ இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

திரும்பக் கேட்டால் அனுமதி போகாது. மறுபரிசீலனை கேட்பது இங்கே நடைமுறைதான், அதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் பேரம் பேசும் தொனி வேண்டாம். ‘இந்த வரியில் தகவல் தவறு, இதோ ஆவணம்’ என்று எழுதுங்கள், போதும்.

தேவகோட்டை_தம்பி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எதற்கு அந்தப் பங்கைக் காட்ட வேண்டும்? விற்கவும் முடியாது, குடியிருக்கவும் இல்லை. எடுத்துவிட்டால் அந்த 2,450உம் மிச்சம்தானே?

கானாடுகாத்தான்_திண்ணை

கூடாது தம்பி. அந்தப் பங்கு அவருடையது, அதனால் எழுதத்தான் வேண்டும். உண்மை என்று உறுதி சொல்லிக் கொடுத்த படிவம். ஏற்கெனவே 5 கோடி என்று காட்டிவிட்டுத் திடீரென்று பூஜ்யம் என்றால் மொத்தப் படிவத்தையும் சந்தேகப்படுவார்கள். 12இல் ஒன்று என்று எழுதி, பிரிக்கப்படாத சொத்து, மற்ற 11 பேர் கையெழுத்து இல்லாமல் வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ வழியில்லை, வாடகை வருமானம் இல்லை என்று விளக்கமாகச் சொன்னால் போதும். அதைப் படித்துவிட்டுச் சொத்துக் கணக்கில் குறைக்கவோ விட்டுவிடவோ அந்த அலுவலருக்கு இடம் உண்டு. அது அவர் முடிவு.

பள்ளத்தூர்_ஆச்சி

அமெரிக்காக்காரனுக்கு வளவு வீடு என்றால் என்ன தெரியும்? புகைப்படத்தைப் பார்த்தால் அரண்மனை என்றுதான் நினைப்பான். பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் கண்ணுக்குத் தெரியும், ஓடு மாற்றப் பங்காளிகளிடம் வசூல் செய்ய நாம் படும் பாடு தெரியாது. பராமரிப்புக்கு வருடா வருடம் நீங்கள் கொடுக்கும் பணத்தையும் கணக்கில் எழுதுங்கள் தம்பி.

எங்கள் பேரனுக்கு இதே சிக்கல் வந்தபோது அனுப்பியவை: வில்லங்கச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று, வீட்டுவரி ரசீது, யார் யாருக்கு எத்தனை பங்கு என்று வக்கீல் எழுதிய ஒரு பக்கக் கடிதம். தமிழில் இருந்தவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வைத்தோம். வக்கீல் கடிதம்தான் அவர்களுக்குப் புரிந்தது. வம்சாவளியைக் கட்டம் போட்டு வரைந்து கொடுக்கச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான்_திண்ணை

ஆச்சி சொன்ன கட்டம் போட்ட வம்சாவளி அருமையான யோசனை. என் மேசைக்கு அப்படி ஒன்று வந்தால் அந்தக் கோப்பைத்தான் முதலில் எடுப்பேன். கல்லூரி ஐடாக் என்ற ஆவணம் ஏற்றும் இணையச் சேவை வழியாக ஆவணம் கேட்டிருந்தால் அதில் ஏற்றுங்கள், கூடவே உதவித்தொகை அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் அனுப்புங்கள். கடைக்கு மூன்று வருட வருமானவரிக் கணக்கு சேர்த்தால் நல்லது. வியாபாரக் குடும்பங்களில் மொத்த விற்பனையை வருமானம் என்று நினைத்துவிடும் குழப்பமும் நடக்கிறது, அந்த வரியையும் ஒருமுறை பாருங்கள்.

இரும்புக்கடை_காரைக்குடி

வக்கீலிடம் இன்றே போகிறேன். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் இதே மாதிரி எழுதலாமா?

கானாடுகாத்தான்_திண்ணை

எழுதலாம், பலன் இருக்காது. அந்த 25,000 மதிப்பெண்ணுக்கு. குடும்ப நிலையைப் பார்த்துக் கொடுத்தது இல்லை, அதனால் குடும்ப நிலையைச் சொல்லி ஏற்ற முடியாது. வெளிநாட்டு மாணவர்களுக்குத் தேவை அடிப்படையில் உதவி தராத மாநிலப் பல்கலைக்கழகங்கள்தான் அதிகம்.

தனியார் கல்லூரிகளிலும் எல்லாம் ஒன்றில்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் மாதிரி சில இடங்களில் வெளிநாட்டு மாணவராக இருந்தாலும் பண நிலையைப் பார்க்காமல் அனுமதி தருகிறார்கள், பிறகு முழுத் தேவையையும் நிரப்புகிறார்கள். டார்ட்மவுத், போடன் (Bowdoin) கல்லூரிகளும் 2022இல் அந்த வரிசைக்கு வந்தன. மற்ற பெரும்பாலான இடங்களில் எவ்வளவு உதவி கேட்கிறீர்கள் என்பதும் அனுமதியைப் பாதிக்கும். ஆகவே உங்கள் மகளுக்கு 52,000 கொடுத்து எடுத்திருக்கிறார்கள் என்றால், அவளை வேண்டும் என்று நினைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். இங்கே இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: முதல் வருடம் உதவி வேண்டாம் என்று சொல்லி உள்ளே போய், இரண்டாம் வருடம் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களுக்கு அதை அனுமதிப்பதே இல்லை.

சிவகங்கை_ராஜா

எதற்கு இவ்வளவு சிரமம்? காரைக்குடியிலேயே அழகப்பாவில் படிக்க வைக்கலாமே.

பள்ளத்தூர்_ஆச்சி

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் ராஜா. நானும் அழகப்பாவில் படித்தவள்தான், அதனால் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளை வாங்கி வந்த இடத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இரும்புக்கடை_காரைக்குடி

பதில் வந்துவிட்டது. வக்கீல் கடிதம், வம்சாவளி, வாரிசுச் சான்று எல்லாம் அனுப்பினோம். பெரிய வீட்டைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள்: அதில் யார் குடியிருக்கிறார்கள், விற்க யார் யார் சம்மதம் வேண்டும். இன்று புதிய கடிதம். உதவி 74,500. வளாக வேலை 3,000. குடும்பம் 10,500. கானாடுகாத்தான் தம்பிக்கும் ஆச்சிக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

10,500 என்றால் ஏறக்குறைய 9 லட்சம். அதுவும் லேசு இல்லை. ஒரு பகுதிக்குக் கடன் வாங்கலாம் என்று இருக்கிறோம். பெரிய வீட்டுப் பங்கை வங்கியில் வைக்க முடியுமா?

தேவகோட்டை_வங்கி

ஓய்வு பெற்ற வங்கிக்காரன். பெரிய வீட்டை மறந்துவிடுங்கள். கல்லூரிக்கு நீங்கள் சொன்ன அதே காரணம்தான்: 12 பேர் கையெழுத்து இல்லாமல் எந்த மேலாளரும் தொடமாட்டார். பொதுவாக 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கமாட்டார்கள், அதற்கு மேல் கேட்பார்கள். புதுவயல் மனை உங்கள் பெயரில் பட்டாவோடு இருக்கிறதல்லவா, அதைக் காட்டுங்கள். நாலு வருடத்துக்கும் சேர்த்து ஒரே அனுமதியாக வாங்கிக்கொண்டு, வருடா வருடம் தேவையான அளவு மட்டும் எடுங்கள். எடுத்த தொகைக்குத்தான் வட்டி. படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிக்கொண்டு வந்தால் பிறகு சுமை குறையும். கட்டும் வட்டிக்குப் பழைய வருமானவரி முறையில் 8 வருடம் வரை கழிவு உண்டு. வங்கிக் கல்விக் கடனிலிருந்து நேராக அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே பிடிக்கும் வரியும் இல்லை.

கானாடுகாத்தான்_திண்ணை

மிகவும் சந்தோஷம் அண்ணே. கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம்.

அந்த 10,500 முழுவதும் கல்லூரிக்குக் கட்டுவது இல்லை. விமான டிக்கெட், புத்தகம், கைச்செலவு எல்லாம் 88,000க்குள் சேர்த்திருப்பார்கள். கல்லூரி நேரடியாக அனுப்பும் பில் எவ்வளவு, மருத்துவக் காப்பீடு அதில் உண்டா என்று பிரித்துக் கேளுங்கள். வளாக வேலையின் 3,000 பில்லில் கழியாது, வேலை செய்யச் செய்யச் சம்பளமாக அவள் கைக்கு வரும். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது.

இரண்டாவது, அடுத்த வருடம் கட்டணம் ஏறும். உதவியும் கூட ஏறுமா, இதே 74,500இல் நிற்குமா, மறுபடி படிவம் போட வேண்டுமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, வருமானவரி. கல்விக் கட்டணத்துக்குப் போகும் உதவிக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போகும் பகுதிக்கு உண்டு, கல்லூரியே 14 சதவீதம் பிடித்துவிடும். கல்விக் கட்டணம் 66,000 என்று வைத்தால் மிச்சம் 8,500க்கு 1,190 டாலர் பிடிப்பார்கள். ஆனால் இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவில் இந்திய மாணவர்களுக்கு நிலையான கழிவு உண்டு. உதவியும் வேலைச் சம்பளமும் சேர்ந்து அந்தக் கழிவுக்குள் அடங்கினால், 1040-என்ஆர் என்ற அமெரிக்க வரிக்கணக்குப் படிவம் போட்டு மத்திய வரியாகப் பிடித்ததைத் திரும்ப வாங்கிவிடலாம். மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள், முதல் வருடப் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை.

இரும்புக்கடை_காரைக்குடி

குறித்துக்கொண்டேன் தம்பி. பில் விவரமும் அடுத்த வருடத்து நிலையும் கேட்டு மகள் மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள். மனையின் பட்டா நகலோடு திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறேன்.